குன்வோர் பட்டன்

நார்வேயின் ஹெல்லேவோக் ஊராட்சி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், குன்வோர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். பாதாம் பருப்பில் செய்த மார்சிபான் கேக் வெட்டினார்கள். ஊராட்சித் தலைவர் பேசினார், கம்பளிப் போர்வை ஒன்று கொடுத்தார், படம் எடுத்து ஊர்ப் பத்திரிகையில் போட்டார்கள். வழியனுப்பியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் வேலையை விட்டுப் போகவே இல்லை என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் குன்வோர்.

ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கிற ஊர் எங்களுடையது. இருபத்திரண்டு வயசில் தட்டச்சு வேலைக்கு வந்தவள், பத்து வருஷத்துக்குள் ஆவண அறை மொத்தத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு தாளும் அவள் மேஜையைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போகும். சேர்ந்த முதல் நாளே ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள்: இங்கே பார்த்ததை வெளியே பேச மாட்டேன். அந்தக் கையெழுத்தை எல்லோரும்தான் போடுகிறார்கள். போட்டபடி நடந்துகொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். குன்வோர் நடந்துகொண்டாள். அவள் கணவன் ஸ்வேரே படகு என்ஜின் மெக்கானிக். ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்று அவளிடமிருந்து அவனுக்குக்கூட ஒரு வார்த்தை வந்ததில்லை. "உனக்குப் பதிலா அந்த இரும்பு பீரோவைக் கட்டியிருந்தா, அது தொறக்கும்போதாவது சத்தம் போடும்" என்று சொல்லிச் சிரிப்பான். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், பிப்ரவரிப் பனியில் கடை வாசலில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் வீட்டோடு கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். பாக்கி வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவது அவளுக்குப் பிடிக்காது. மிஷின் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டு, "என் பேர்ல இருக்கற பட்டன்ல என் வீட்டு மெயிலைப் போடுங்க, நான் இங்க இருந்தே பார்த்துக்கறேன்" என்றாள். அவர் போட்டார்.

நடைபாதையில் நிற்கிற பெரிய மிஷின் அது. பிரிண்ட் எடுக்கும், நகல் எடுக்கும், தாளைப் படம் பிடித்து மெயிலில் அனுப்பும். அதன் திரையில் முதல் பட்டன் 'குன்வோர்'. ஆவணத்துக்குப் போக வேண்டிய தாள் என்றால் கை தானாக அந்தப் பட்டனுக்குப் போகும், இருபது வருஷப் பழக்கம். ஊன்றுகோலோடு வந்து கேக்கை வெட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். பட்டன் அங்கேயே நின்றது. எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் எடுப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அலுவலக மேலாளர் ஓட்வார் மட்டும் ஒரு தடவை வாய் திறந்தான்: "அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா. அவங்க பேர் இருந்தாத்தான் ஆபீஸ் ஆபீஸ் மாதிரி இருக்கு." எங்கள் ஊரில் பாசத்தை இப்படித்தான் காட்டுவோம், எதையும் செய்யாமல் இருந்து. ரெண்டு வருஷம் கழித்துப் புது மிஷின் வந்தபோது பழையதிலிருந்த முகவரிப் பட்டியலை அப்படியே தூக்கி இதில் போட்டார்கள். வீடு மாறும்போது எலியையும் சேர்த்து மூட்டை கட்டின மாதிரி.

ஓய்வு பெற்ற அடுத்த திங்கட்கிழமை காலை அவள் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மடிக்கணினியில் மணி ஒலித்தது. யாரோ ஒருவர் படகுக் கொட்டகை கட்ட அனுமதி கேட்ட விண்ணப்பம். கட்டடப் பிரிவுக்கு அனுப்பினாள், மேலே ஒரு வரி: "தவறி வந்தது. கு." பிறகு ஓட்வாருக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். எடுத்தவள் வைத்துவிட்டாள். நாளைக்குச் சொன்னால் போச்சு என்று நினைத்தாள். மறுநாள் மூன்று வந்தன.

அப்புறம் அது தினப்படி வேலையானது. காலை எட்டு மணிக்கு மேஜைக்கு வந்துவிடுவாள், மாலை மூன்றரை வரை நகர மாட்டாள். பதினோரு மணிக்குச் சாப்பாடு, பழுப்புச் சீஸ் வைத்த ரெண்டு ரொட்டித் துண்டு. அதைக் காலையிலேயே தாளில் மடித்து வைத்துவிடுவாள், குளிர்சாதனப் பெட்டி ரெண்டு எட்டு தூரத்தில் இருக்கும்போதே. தாள் வந்த அஞ்சு நிமிஷத்தில் உரியவர் கைக்குப் போய்விடும். ஆகவே எதுவும் தொலையவில்லை, ஆகவே யாரும் எதுவும் கேட்கவில்லை. அனுப்பியது யார் என்று மெயிலின் தலையைப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, குன்வோர் என்பது ஆவணங்களைப் பிரித்து அனுப்புகிற மென்பொருளின் பேர் என்றே நினைத்திருந்தாளாம். ஈஸ்டர் வாரத்தில் குன்வோர் மலைக் குடிலுக்குப் போவாள், அங்கே சிக்னல் கிடையாது, தாளெல்லாம் தேங்கும். ஈஸ்டரில் நார்வே முழுக்க மலைக் குடிலில்தான் இருக்கிறது என்பதால் அதையும் யாரும் கவனிக்கவில்லை.

வந்த தாள்களெல்லாம் படகுக் கொட்டகை இல்லை. யார் உதவித்தொகை கேட்டார், எந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடம் கவலைப்பட்டு எழுதியது, யார் பக்கத்து வீட்டுக்காரன்மேல் மொட்டைக் கடுதாசி போட்டார், எல்லாம் அந்தச் சமையலறை மேஜைக்கு வந்தது. எங்கே அனுப்புவது என்று தெரிய மேல் வரியை மட்டும் படிப்பதாக அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். நான் நம்பவில்லை, அவளும் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை, அது சத்தியம். கூட்டுறவுக் கடையில் அந்த ஆட்களைப் பார்க்கும்போது முன்னே எப்படிச் சிரித்தாளோ அப்படியே சிரித்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன அக்டோபரில் இலையுதிர்கால விடுமுறைக்கு மகள் யோருன் வந்தாள். பெர்கன் நகரத்தில் ஆசிரியை, நாற்பத்தெட்டு வயசு, எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள். வந்த ரெண்டாம் நாள் மத்தியானம் ரெண்டு பேரும் மீன் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி ஒலித்தது. குன்வோர் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கம்மா போற?"

"ஆபீஸ் பேப்பர் வந்திருக்கு. ஒரு நிமிஷம்."

"எந்த ஆபீஸ்?"

"எந்த ஆபீஸா? நம்ம ஆபீஸ்தான்."

"நீ ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு."

"தெரியும். அதுக்காக வர்றதை அப்படியே போட்டு வைக்க முடியுமா?"

"சரி, காட்டு பார்ப்போம்."

"உனக்கெல்லாம் காட்டக் கூடாது," என்று சொல்லிக் கணினியின் மூடியைச் சாத்தினாள் குன்வோர். சாத்தின வேகத்தில் யோருனின் முகம் வெளிறியது.

யோருன் பயந்ததில் தப்பில்லை. குன்வோரின் அக்கா பெர்ல்யோத்துக்கும் இப்படித்தான் தொடங்கியது. மூடி இருபது வருஷமான மீன் தொழிற்சாலைக்குப் போக தினமும் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். கடைசியில் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு போய்க் கடலோரப் பள்ளத்தில் இறக்கினாள். சூப் சாப்பிட்ட அன்றிலிருந்து யோருன் அந்த வாரம் முழுக்கக் கவனித்தாள்: அம்மா மூன்றரைக்கு முன்னால் வீட்டை விட்டு வெளியே வர மறுக்கிறாள். சொந்த வீட்டில் கட்டுச்சோறு சாப்பிடுகிறாள். மணி ஒலித்தால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறாள். பெர்கனுக்குத் திரும்பியதும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள், பத்திரமாகப் போகட்டும் என்று மெயிலில் அனுப்பாமல் தபாலில் போட்டாள்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். ஊராட்சி அலுவலக வரவேற்பில் இருந்தவர் உறையைப் பிரித்து, கடிதத்தை மிஷினில் வைத்து, முதல் பட்டனை அழுத்தினார். குன்வோரின் சமையலறையில் மணி ஒலித்தது.

மேல் வரி: மறதி நோய்ப் பிரிவுக்கு. ரெண்டாம் வரியில் அவள் பேர் இருந்தது, பிறந்த தேதியோடு.

'என் அம்மா இன்னும் ஊராட்சியில் வேலை பார்ப்பதாக நம்புகிறார். தனக்கு அலுவலகத் தாள்கள் வருவதாகச் சொல்கிறார், கேட்டால் காட்ட மறுக்கிறார்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அவரைப் பரிசோதிக்க வேண்டும், கார் ஓட்டுவது சரியா என்று பார்க்க வேண்டும், முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்குமா என்று தெரிய வேண்டும், நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். கீழே யோருனின் கையெழுத்து. அந்த 'ய'வை எழுதப் பழக்கியதே குன்வோர்தான்.

முழுக்கப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

அவள் வீடு ஃபியோர்டின், அதாவது மலைக்கு நடுவே நீண்டு கிடக்கிற கடலின், அந்தக் கரையில், ஊரிலிருந்து பதினொரு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கார் லைசென்ஸ் போனால் வீடு போச்சு, அவ்வளவுதான். தனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று அவள் எப்படி நிரூபிப்பாள்? அந்தத் தாள்களைக் காட்ட வேண்டும். காட்டினால் நாலு வருஷ அலுவலக ரகசியம் ஒரு கிழவியின் சமையலறையில் கிடந்தது என்று ஊருக்குத் தெரியும். காட்டாவிட்டால் அவள் பெர்ல்யோத்தின் தங்கை. இன்னொரு வழியும் இருந்தது: அந்த மெயிலை அழித்துவிடுவது. ஒரு விரல் வேலை, யாருக்கும் தெரியாது.

விரல் அந்த இடத்துக்குப் போகவும் செய்தது. பெற்ற பெண், எதிரே உட்கார்ந்து சூப் குடித்தவள், ஒரு வார்த்தை நேரில் கேட்கவில்லையே. அதைவிட மேலாக, இந்தக் கடிதத்தை வரவேற்பில் ஒருவர் பார்த்திருப்பார், நர்ஸ் பார்ப்பாள், இன்னும் யார் யார் பார்ப்பார்களோ என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. உதவித்தொகை கேட்டவளுக்கும் இப்படித்தானே கூசியிருக்கும், அந்தப் பிள்ளையின் அப்பனுக்கும் இப்படித்தானே. ஒரு ஆள் படிக்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினதை நான் ரொட்டி தின்றுகொண்டே படித்திருக்கிறேன் என்று நினைத்தாள். நாலு வருஷமாக உண்மையாக உழைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற ஒவ்வொரு ஜன்னலிலும் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது, அவள் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அந்தக் கடிதத்தை மறதி நோய் நர்ஸ் ஸிக்னேவுக்கு அனுப்பினாள். மேலே வழக்கமான வரி. பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

"அட, குன்வோர். காப்பி குடிக்கிறீங்களா?" என்றான் ஓட்வார்.

"வேணாம். கதவைச் சாத்து."

கணினியை அவன் மேஜையில் வைத்துத் திறந்து காட்டினாள். அவன் பார்த்தான். கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தான். காது சிவந்தது.

"இதெல்லாம் உங்க வீட்டுக்கா வந்துச்சு?"

"எல்லாம்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க கேக் வெட்டின நாள்லேர்ந்து. ரெண்டாயிரத்து முந்நூறுக்கு மேல இருக்கும்."

"ஆனா எங்களுக்கு எல்லாம் சரியா வந்துடுச்சே. ஒண்ணுகூடக் காணாமப் போகலையே."

"நான்தானே அனுப்பினேன்."

ஓட்வார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "ஏன் சொல்லலை குன்வோர்?"

அதற்கு அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். பதினொரு கிலோமீட்டரும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்: உங்களுக்கு எதுக்குச் சங்கடம், யார் வேலைக்கும் ஆபத்து வரக் கூடாது. வாயில் வந்தது வேறு.

"சொன்னா நிறுத்திடுவீங்க. அதான்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்மேலேயே கோபம் வந்தது அவளுக்கு. ஓட்வார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். நல்ல மனுஷன், ஆனால் எங்கள் ஊர் மனுஷன். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பட்டனை நான் இப்பவே போய் அழிச்சுடறேன். நீங்க வீட்டுக்குப் போய் அந்த மெயிலை எல்லாம் அழிச்சுடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இதோட விட்டுடலாம்."

"எனக்கு ஆச்சு," என்றாள் அவள். யோருனின் கடிதத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். "எனக்குத் தெரியக் கூடாதுன்னு என் பொண்ணு எழுதினது. எனக்கே வந்திருக்கு. இந்த மாதிரி எத்தனை பேர், ஒரே ஒருத்தர் படிச்சாப் போதும்னு எழுதியிருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சாகணும், ஓட்வார். யார் படிச்சதுன்னும் தெரியணும்."

அதில் அவள் லைசென்ஸும் பிழைத்துக்கொண்டது என்பது உண்மைதான். அதை நினைக்காமலா போனாள்? நினைத்தாள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சட்டப்படி மூன்று நாளைக்குள் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், ஓட்வார் சொல்லிவிட்டான். அஞ்சு ஊராட்சிக்குமாகச் சேர்த்து இருக்கிற ஒரே கணினிக்காரர் கேயிர் வந்து மிஷினைத் திறந்து உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவர் கண்டுபிடித்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மிஷினுடைய கடவுச்சொல் தொழிற்சாலையில் போட்ட நாலு பூஜ்யம், இன்றுவரை மாற்றவில்லை. நகல் எடுத்த ஒவ்வொரு தாளும் அதன் வயிற்றில் இருந்த ஹார்ட் டிஸ்க் வட்டில் பதிந்து கிடந்தது. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துகொண்டு விருந்தினர் வைஃபை வழியாக எவனும் அதைத் திறந்து பார்த்திருக்கலாம். திருப்பி அனுப்பிய பழைய மிஷினின் வட்டு எந்த நாட்டில் இருக்கிறதோ, யாருக்கும் தெரியவில்லை. சர்வர் அறைக்கு ரெண்டு பூட்டும் அலாரமும் போட்டவர்கள் இதை நகல் மிஷின் என்றே நினைத்து நடைபாதையில் நிறுத்தியிருந்தார்கள்.

"அப்போ, இருந்த ஓட்டையிலேயே சின்ன ஓட்டை நான்தானா?" என்று கேட்டாள் குன்வோர்.

"சின்ன ஓட்டை மட்டும் இல்ல, ஒழுங்கான ஓட்டையும் நீங்கதான்," என்றார் கேயிர். "மத்ததுலேர்ந்து என்ன போச்சுன்னுகூடத் தெரியாது. உங்ககிட்ட மட்டும்தான் கணக்கா இருக்கு."

அடுத்த வாரம் ஸிக்னே வந்தாள். கடிதம் வந்துவிட்டால் பார்த்தாக வேண்டும், அது முறை. கடிகாரம் வரையச் சொன்னாள், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள், அஞ்சு வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டாள். குன்வோர் அஞ்சையும் அகர வரிசைப்படி சொன்னாள். ஸிக்னே பேனாவை மூடிவிட்டாள். "கார் சாவியைப் பத்திரமா வெச்சுக்குங்க," என்றாள்.

அன்று மத்தியானம் யோருன் போன் செய்தாள். "நான் எழுதினதை நீயே படிச்சிட்டியாம்மா?"

"ரெண்டு தடவை."

"என் மேல கோவமா?"

"இருந்துச்சு. கடைசியில எழுதியிருந்தியே, அம்மா அந்தக் கரையில தனியா இருக்கறதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரலைன்னு. அதை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா அந்தக் கம்ப்யூட்டரைச் சாத்தின மாதிரி சாத்திடுவே."

குன்வோர், கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா என்று கேட்டாள், வருகிறேன் என்றாள் மகள்.

டிசம்பர் முதல் வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஊராட்சியிலிருந்து கடிதம் போனது: உங்களைப் பற்றிய ஆவணம் உரிமை இல்லாத ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. முன்னாள் ஊழியர் என்று மட்டும் எழுதலாம் என்றான் ஓட்வார், குன்வோர் தன் பேரைப் போடச் சொன்னாள். கடையில் சிலர் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிலர் தோளில் தட்டி, நீங்களாச்சே, வேற யார் கையிலயாவது கிடைச்சிருந்தா என்னாகியிருக்கும் என்றார்கள். அது அவளுக்கு இதமாகத்தான் இருந்தது. பணம் கட்டுகிற வரிசையில் நின்றபோது, உதவித்தொகைக்கு ரெண்டு தடவை எழுதிய பெண் திரும்பிப் பார்த்தாள். கூடையில் பாலும் டயாப்பரும் இருந்தன.

"என்னோடதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுத்தான் நாலு வருஷமா என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு மாறாமல் இருந்ததுதான் தன்னுடைய பெருமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள் குன்வோர். வீடு போய்ச் சேரும் வரை அவள் காரில் ரேடியோவைப் போடவில்லை.

தபால் பெட்டியில் அவளுக்கும் ஒரு உறை இருந்தது, நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. பட்டியலில் அவள் பேரும் இருந்ததே, விட முடியுமா? அதே கடிதம், அதே வாசகம். உங்களைப் பற்றிய ஆவணத்தைக் கீழே குறிப்பிட்டவர் பார்த்திருக்கிறார், பேர் குன்வோர். அதன் கீழே ஒரு படிவம்: புகார் செய்ய விரும்புகிறீர்களா, ஆம், இல்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்து 'ஆம்' என்பதில் குறி போட்டாள். காரணம் என்று இருந்த இடத்தில், 'என் மகள் ஒருவரை நம்பி எழுதினாள். அவர் அல்லாதவர் படித்தார். நாலு வருஷம் தெரிந்தே படித்தார்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள்.

மறுநாள் காலையில் அதை நேரில் கொண்டுபோய் ஓட்வாரின் கையில் கொடுத்தாள். அவன் படித்தான், நிமிர்ந்து பார்த்தான், திரும்பப் படித்தான்.

"உங்க மேல நீங்களே புகாரா? இதை நான் எங்க கொண்டு வைக்கறது, குன்வோர்?"

"மத்தவங்க புகாரை எங்க வைக்கறியோ அங்கதான்," என்றாள் அவள். "நான் மட்டும் என்ன உசத்தி?"